காதில் விழுந்ததற்குச் சாட்சி: ஹாம் வானொலியில் தொடர்புகளை உறுதிசெய்யும் மரபு

அனுமதிப்பத்திரம் பெற்ற பொழுதுபோக்கு வானொலியாளர்களான ஹாம்கள் தத்தம் நிலையங்களிலிருந்து ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதே ஹாம் வானொலி. அதில் ஒரு தொடர்பு முடிந்த பிறகு, அது நடந்தது என்பதற்கு உலகில் இரண்டே பதிவுகள் இருக்கின்றன. ஒன்று நமது பதிவேட்டில் உள்ள ஒற்றை வரி. மற்றது எதிர்முனையில் இருந்தவர் தமது பதிவேட்டில் எழுதிக்கொண்ட வரி. தொலைபேசி அழைப்புக்கு நிறுவனத்தின் கட்டணப் பட்டியல் உண்டு. கடிதத்திற்குத் தபால் முத்திரை உண்டு. யாழ்ப்பாணத்து வீட்டு வளவொன்றில் இரண்டு பனைகளுக்கிடையே கட்டிய கம்பியிலிருந்து புறப்பட்டு, அயனமண்டலத்தில் தெறித்து, ஜப்பானிலோ போலந்திலோ போய் இறங்கும் அலைக்கு நடுவில் எந்த நிறுவனமும் இல்லை. அதைக் குறித்துவைப்பவரும் இல்லை. ஆகவே ஒரு ஹாம் தாம் இன்ன நாட்டுடன் பேசியதாகச் சொன்னால், அதை மெய்ப்பிக்கக்கூடியவர் மறுமுனையில் இருந்தவர் மட்டுமே.

நடந்த தொடர்பை உறுதிசெய்து எதிர்முனையாளருக்கு அனுப்பும் கியூஎஸ்எல் அட்டை என்ற வழக்கமும், அதைச் சுற்றி ஏறக்குறைய நூறாண்டாக வளர்ந்துவந்த நடைமுறைகளும் இந்த நிலைமையிலிருந்தே பிறந்தன. நாம் அனுப்பும் அட்டை நமது சேகரிப்பைச் சேர்ந்ததன்று. மற்றவருக்காக நாம் எழுதிக்கொடுக்கும் சாட்சியம் அது. காணி உறுதியின் அடியில் சாட்சியாக ஒப்பமிடுபவருக்கு அந்தக் காணியில் ஒரு பரப்பும் சேராது, ஆயினும் தம் முன்னிலையில் நடந்ததற்கு மட்டுமே அவர் ஒப்பமிடலாம். ஹாம் ஒருவர் தமது அட்டையை எழுதும்போது அவருக்கு உள்ள பொறுப்பும் அதே வகையானது. தாம் உண்மையில் கேட்டதை மட்டும் எழுத வேண்டும். கேட்டதை எழுதித்தரத் தயங்கவும் கூடாது. புதிதாக இந்தத் துறைக்கு வருபவர்கள் பலர் இதை அட்டை சேர்க்கும் பொழுதுபோக்காக மட்டும் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையில் தொடங்கினால் இதன் விதிகள் பலவும் காரணமற்ற சம்பிரதாயங்களாகவே தோன்றும் என்பதால் இதை முதலில் சொல்லவேண்டியிருக்கிறது.

கியூ என்ற எழுத்தில் தொடங்கும் மூன்றெழுத்துக் குறிகள் தந்திக் காலத்தவை. 1912ஆம் ஆண்டு லண்டனில் கூடிய சர்வதேச வானொலித்தந்தி மாநாட்டின் வழியாக அவை உலகப் பொதுவழக்காயின. கப்பல்களும் கரையோர நிலையங்களும் செய்தி கிடைத்ததை அறிவிக்கப் பயன்படுத்திய கியூஎஸ்எல் என்ற குறியை ஹாம்கள் தமது உறுதிப்படுத்தல் அட்டைக்கும் சூட்டிக்கொண்டனர். அட்டைக்கு ஒரு பொது மதிப்பை ஏற்படுத்தியவை விருதுகள். அவற்றுள் முதன்மையானது அமெரிக்க ஹாம் சங்கமான ஏஆர்ஆர்எல் 1937இல் தொடங்கிய டிஎக்ஸ்சிசி விருதாகும். குறைந்தது 100 நாடுகள் அல்லது தனி நிலப்பகுதிகளுடன் தொடர்புகொண்டு, ஒவ்வொன்றுக்கும் உறுதிப்படுத்திய சான்று காட்டுபவருக்கே அது கிடைக்கும். இரண்டாம் உலகப் போரினால் இடைநின்ற இவ்விருதில், 1945 நவம்பர் 15ஆம் திகதியும் அதன் பின்னரும் நிகழ்ந்த தொடர்புகளே இன்று கணக்கில் கொள்ளப்படுகின்றன. இப்போதைய பட்டியலில் 340 இடங்கள் உள்ளன. இலங்கை அவற்றுள் ஒன்று. எனவே 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக்குறியுடன், அதாவது நிலையத்தின் அடையாளப் பெயருடன், யாழ்ப்பாணத்திலிருந்து பேசும் ஒருவரின் அட்டை, எங்கோ ஒருவருடைய பட்டியலில் இலங்கைக்கான ஒரே சான்றாக அமையக்கூடும். அதனால் நமக்கு எண்ணூறாவது ஜப்பானிய நிலையம் என்று அலட்சியமாகத் தோன்றும் ஒரு தொடர்பு, எதிர்முனையில் இருப்பவருக்குப் பல ஆண்டுக் காத்திருப்பின் முடிவாக இருக்கலாம்.

அட்டையில் என்ன இருக்கவேண்டும் என்பதில் உலகெங்கும் கருத்து வேறுபாடு இல்லை. நமது அழைப்புக்குறி, எதிர்முனையாளரின் அழைப்புக்குறி, திகதி, சர்வதேச நேரம், அலைவரிசை, பேச்சா மோர்ஸா எண்மமுறையா என்ற விவரம், நாம் அவருக்குக் கொடுத்த சமிக்ஞை மதிப்பீடு, நாம் இருந்த இடம், இருபக்கத் தொடர்பு என்பதைக் காட்டும் குறிப்பு, இறுதியாகக் கையொப்பம். எழுதியதை வெட்டித் திருத்திய அட்டையை விருதுக்குழு ஏற்காது. ஆகையால் பிழை நேர்ந்தால் அந்த அட்டையைக் கிழித்துவிட்டுப் புதிய அட்டையில் எழுதுவதே மரியாதை. அளவு 14 சென்ரிமீற்றருக்கு 9 சென்ரிமீற்றர் என்பது பொதுவான வழக்கம். அதனினும் பெரிய அட்டைகள் சங்கங்களின் பிரித்தனுப்பும் பெட்டிகளில் மடிந்து கசங்கிப் போகின்றன. நல்லூர்க் கோபுரத்தையோ நெடுந்தீவுக் குதிரைகளையோ முகப்பில் அச்சிடலாம், பெயரையும் ஊரையும் தமிழிலும் சேர்க்கலாம். ஆனால் சரிபார்ப்பவருக்கு வேண்டிய விவரங்கள் எல்லோரும் வாசிக்கக்கூடிய எழுத்தில், ஒரே பக்கத்தில் இருக்கவேண்டும்.

இனி மரியாதை தொடங்கும் இடத்தைப் பார்க்கலாம். அது தபாற்கந்தோரில் அன்று, தொடர்பு நடக்கும் அந்த ஒரு நிமிடத்திலேயே தொடங்கிவிடுகிறது. எதிர்முனையாளரின் அழைப்புக்குறி முழுவதையும் நாமே கேட்டிருக்க வேண்டும். நமது குறியை அவர் சரியாகக் கேட்டார் என்பது அவர் வாயாலேயே திரும்பி வந்திருக்க வேண்டும். இருவரும் மதிப்பீடுகளைப் பரிமாறி, கிடைத்தது என்று சொல்லியிருக்க வேண்டும். இந்த மூன்றும் நடந்தாலன்றித் தொடர்பு முழுமையடைவதில்லை. இரைச்சலில் கடைசி எழுத்து மட்டும் விளங்காதபோது, இணையத்தில் பார்த்து இன்னாராகத்தான் இருக்கும் என்று ஊகித்து நிரப்புவதும், பக்கத்தில் கேட்டுக்கொண்டிருக்கும் நண்பர் அந்த எழுத்தை எடுத்துக்கொடுப்பதும் நல்லெண்ணத்தில் செய்யப்படுபவைதாம். ஆனால் அவற்றின் மேல் எழுதப்படும் அட்டை, கேட்காத ஒன்றைக் கேட்டதாகச் சொல்கிறது. மறுபடியும் சொல்லுங்கள் என்று கேட்பதில் எந்த இழுக்கும் இல்லை. ஒலிப்பில் நெருங்கிய எழுத்துகள் இரைச்சலில் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பதற்காகவே ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்ற சர்வதேச உச்சரிப்பு வரிசை இருக்கிறது. அதை நிதானமாகச் சொல்லப் பழகியவர்களின் பதிவேட்டில் பிழைகள் குறைவாக இருப்பதைக் காணலாம்.

மதிப்பீடு கொடுப்பதில் ஒரு தளர்ச்சி நீண்டகாலமாகவே புகுந்துவிட்டது. தெளிவுக்கு 5 வரையும் வலிமைக்கு 9 வரையும் உள்ள அளவுகோலில், போட்டிகளின்போது எல்லோருக்கும் 59 என்றே சொல்லிவிடுகிறார்கள். அழைப்புக்குறியை நான்கு முறை திரும்பக் கேட்டுவிட்டு 59 கொடுப்பதும் நடக்கிறது. விருதுக்கு அந்த எண் முக்கியமில்லை என்பது உண்மைதான். ஆயினும் போட்டி இல்லாத சாதாரண நாளில், 33 என்று கேட்டதை 33 என்றே சொல்வது எதிர்முனையாளரின் அன்டெனாவுக்கும் அலையின் போக்குக்கும் நாம் தரும் பயனுள்ள தகவல் என்பதே எனது எண்ணம்.

எண்மமுறைகள் இந்தப் பிரச்சினையை வேறு வடிவத்தில் கொண்டுவந்தன. 1993இல் இயற்பியலுக்கான நோபல் பரிசை ரசல் ஹல்ஸுடன் பகிர்ந்துகொண்ட ஜோ டெய்லர், ஸ்டீவ் ஃபிராங்குடன் சேர்ந்து உருவாக்கி 2017இல் வெளியிட்ட எஃப்டி8 முறை, மனிதக் காதுக்கு எட்டாத அளவு நலிந்த சமிக்ஞைகளையும் 15 விநாடித் துண்டுகளில் கணினியால் வாசித்துவிடுகிறது. சிறிய அன்டெனாவும் குறைந்த வலுவும் உள்ளவர்களுக்கு இது பெரும் வாய்ப்பு. யாழ்ப்பாணத்தின் நெருக்கமான குறிச்சிகளில், உயரக் கம்பம் நாட்ட இடமில்லாத வளவுகளிலிருந்தும் ஐரோப்பாவை எட்ட முடிகிறது. ஆனால் தொடர்பு எந்தக் கணத்தில் முடிகிறது என்ற கேள்வி இங்கே கூர்மையாகிறது. அழைப்பு, மதிப்பீடு, பெற்றுக்கொண்டேன் என்பதுடன் கூடிய பதில் மதிப்பீடு, அதன் பின் ஆர்ஆர்73 என்ற முடிவுச் செய்தி என்று வரிசை செல்கிறது. நாம் ஆர்ஆர்73 அனுப்பியதும் மென்பொருள் பதிவுப் பெட்டியைத் திறந்துவிடும், நாமும் பதிந்துவிட்டு அடுத்த நிலையத்துக்குப் போய்விடலாம். எதிர்முனையாளருக்கு அந்தச் செய்தி கிடைக்காவிட்டால் அவர் தமது மதிப்பீட்டையே மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டிருப்பார். அவருடைய பதிவேட்டில் அந்தத் தொடர்பு நடக்கவே இல்லை. இதைக் கவனித்து, அவர் நிறுத்தும்வரை அல்லது விடைபெறும் வாழ்த்தான 73 என்ற குறியைச் சொல்லும்வரை ஆர்ஆர்73ஐத் திரும்ப அனுப்புவதே முறை. 15 விநாடியைச் சேமிக்க அவசரப்படுபவர்கள் பின்னர் மின்னஞ்சலில் பல நாள் விளக்கம் எழுதவேண்டி வருகிறது.

அடுத்தது நேரம். இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இலங்கையின் பதிவேடுகளில், குறிப்பாக வடக்கின் பதிவேடுகளில், நேரக் கணக்குக்கு வேறு எங்கும் எளிதில் காணமுடியாத ஒரு சிக்கல் உண்டு.

ஹாம் பதிவேடு உள்ளூர் நேரத்தில் எழுதப்படுவதில்லை. உலகப் பொதுநேரமான யூடிசியில் எழுதப்படுகிறது. இலங்கை நேரம் அதற்கு ஐந்தரை மணிநேரம் முந்தியது. அதனால் காலை 5.30க்கு முன் நடக்கும் எந்தத் தொடர்பும் முந்தைய நாளின் திகதியைப் பெறும். ஏப்ரல் 14ஆம் திகதி புத்தாண்டு அதிகாலை 3 மணிக்குப் பிரேசிலுடன் பேசினால், அட்டையில் ஏப்ரல் 13, 21.30 என்று இருக்கவேண்டும். நேரத்தைச் சரியாக மாற்றிவிட்டுத் திகதியை மாற்ற மறப்பது புதியவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் தவறு. திகதி ஒரு நாள் பிசகிய அட்டை எதிர்முனையாளரின் பதிவேட்டுடன் பொருந்தாது. அவருக்கு அது அட்டையே இல்லாததற்குச் சமம்.

இவ்வளவும் இந்தியாவுக்கும் பொதுவானது. இலங்கைக்கு உரியது 1996ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அவ்வாண்டு மே 25ஆம் திகதி நாட்டின் கடிகாரங்கள் ஒரு மணிநேரம் முன்தள்ளப்பட்டு யூடிசிக்கு ஆறரை மணிநேரம் முந்தின. ஒக்ரோபர் 26ஆம் திகதி அரை மணிநேரம் பின்வாங்கி ஆறு மணிநேர வேறுபாடு நிலைத்தது. அது ஏறக்குறைய பத்தாண்டு நீடித்து, 2006 ஏப்ரல் 15ஆம் திகதி மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. இதற்கிடையே விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்தையே வைத்திருந்தன. அரச நேரமும் வன்னி நேரமும் அருகருகே வழங்கிய அந்த ஆண்டுகளில், 2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு இரு தரப்புக் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கும் எல்லையான முகமாலையைக் கடந்தவர்கள் கைக்கடிகாரத்தை அரை மணிநேரம் மாற்றவேண்டியிருந்ததைப் பலரும் இன்னும் சொல்வார்கள். சிற்றலை நேயர்களின் பழைய குறிப்புப் புத்தகங்களில் வெறுமனே இரவு 9.15 என்று எழுதப்பட்டிருந்தால், அது எந்த ஆண்டு, எந்த ஊர் என்று தெரியாமல் அதை யூடிசிக்கு மாற்றவே முடியாது. இன்று இலங்கையில் எழுதப்பட்ட பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றி உறுதிப்படுத்த முனைபவர்கள், எல்லாவற்றுக்கும் ஐந்தரையைக் கழித்துவிட்டால் 1996இன் அந்த ஐந்து மாதங்களில் ஒரு மணிநேரமும் அதன் பின் அரை மணிநேரமும் பிசகும். முன்னரே யூடிசியில் எழுதிவைத்திருந்தவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அரசுகள் கடிகாரத்தை மாற்றினாலும் பதிவேடு மாறாமல் இருப்பதற்காகவே அந்த வழக்கம் ஏற்பட்டது.

நேரத்தைப் போலவே இடத்திலும் யாழ்ப்பாணத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. 1980இல் இங்கிலாந்தின் மெய்டன்ஹெட் நகரில் நடந்த கூட்டமொன்றில் ஏற்கப்பட்ட கட்டமுறை, உலகப் படத்தை 2 பாகை நெடுங்கோடும் 1 பாகை அகலக்கோடும் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு எழுத்தும் இரண்டு எண்ணும் கொண்ட பெயர் தருகிறது. நமது அகலக்கோட்டில் ஒரு கட்டம் கிழக்கு மேற்காக ஏறக்குறைய 220 கிலோமீற்றரும் தெற்கு வடக்காக 111 கிலோமீற்றரும் இருக்கும். எஃப்டி8 முறையில் முதல் அழைப்பிலேயே இந்தக் கட்டத்தின் பெயர் போய்விடுகிறது. செயற்கைக்கோள் வழியாகப் பேசுபவர்களோ 100 கட்டங்களைச் சேர்த்தால் கிடைக்கும் வியூசிசி விருதுக்காகக் கட்டம் கட்டமாகத் தேடுகிறார்கள்.

இரண்டு கட்டங்களுக்கு எல்லையான 80 பாகைக் கிழக்கு நெடுங்கோடு யாழ்ப்பாணக் குடாநாட்டை ஊடறுத்துச் செல்கிறது. யாழ்ப்பாண நகரமும் சுன்னாகமும் காங்கேசன்துறையும் பருத்தித்துறையும் சாவகச்சேரியும் என்ஜே09 என்ற கட்டத்தில் உள்ளன. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அதே கட்டந்தான். கோட்டையைக் கடந்து பண்ணை வழியே மேற்குப் பக்கமாகச் சிறிது தூரம் போனால் கட்டம் எம்ஜே99 ஆகிவிடும். வட்டுக்கோட்டை, காரைநகர், ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு எல்லாம் அதில் அடங்கும். மானிப்பாய்ப் பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் வளவின் ஆள்கூற்றையே பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். அந்த எம்ஜே99 கட்டம் பாக்கு நீரிணையைத் தாண்டி இராமேசுவரத்தையும் இராமநாதபுரத்தையும் மதுரையையும் உள்ளடக்குகிறது. ஆகவே ஊர்காவற்றுறையும் மதுரையும் ஒரே கட்டத்தில் இருக்க, யாழ்ப்பாண நகரம் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. நாட்டுக் கணக்கில் ஊர்காவற்றுறையும் யாழ்ப்பாணமும் இலங்கை, மதுரை இந்தியா. கட்டக் கணக்கில் கூட்டு வேறு.

இதனால் எழும் நடைமுறைக் கடமை எளிதானது, ஆனால் அடிக்கடி மறக்கப்படுவது. நகரத்தில் வசிக்கும் ஒருவர் விடுமுறை நாளில் கையடக்கக் கருவியுடன் காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குப் போய் அங்கிருந்து செயற்கைக்கோள் வழியாகப் பேசினால், அந்தத் தொடர்புகளை வீட்டின் கட்டத்தில் பதியக் கூடாது. மென்பொருளில் ஏற்கெனவே உள்ள வீட்டு விவரத்தோடு எல்லாவற்றையும் மொத்தமாக ஏற்றிவிட்டால், எம்ஜே99ஐத் தேடிப் பிடித்த ஒருவருக்கு என்ஜே09 என்ற பொய்யான சான்று போய்ச்சேரும். அவர் அதை அறியாமலே விருதுக்குச் சமர்ப்பித்தும்விடுவார். நம் பக்கத்துப் பிழைக்கு அவருடைய பெயர் பொறுப்பேற்கும் நிலை அது. அழைப்புக்குறியின் பின் நகர்வு நிலையம் என்பதற்கான குறியைச் சேர்ப்பதும், அன்றைய இடத்துக்கெனத் தனியாக ஒரு நிலைய விவரம் உருவாக்குவதும் ஐந்து நிமிட வேலை.

அட்டைப் பரிமாற்றத்தின் செலவு யாருடையது என்பதில்தான் மனத்தாங்கல்கள் அதிகம். பொது விதி இதுதான்: கேட்பவர் செலவை ஏற்கவேண்டும். இலங்கையில் அனுமதிப்பத்திரம் பெற்ற ஹாம்களின் எண்ணிக்கை ஜப்பானையோ அமெரிக்காவையோ ஒப்பிட மிகச் சிறியது. ஆகையால் இங்கே சுறுசுறுப்பாக இயங்கும் ஒருவருக்கு வரும் கோரிக்கைகள், அவர் தம் பணத்தில் பதிலளிக்கக்கூடிய அளவை விரைவில் மீறிவிடும். வெளிநாட்டுத் தபால் கட்டணம், அச்சுச் செலவு, உறை எல்லாம் சேர்ந்தால் ஓர் அட்டையின் விலை சிறிதன்று. எனவே நேரடியாகப் பதில் வேண்டுபவர் தமது முகவரி எழுதிய உறையையும் திருப்பி அனுப்புவதற்கான கட்டணத்தையும் உள்ளே வைக்கிறார். இதற்காகவே 1906இல் ரோமில் கூடிய உலகத் தபால் மாநாடு உருவாக்கிய சர்வதேசப் பதில் கூப்பன் நீண்டகாலம் பயன்பட்டது. அமெரிக்கத் தபால் துறை 2013இல் அதன் விற்பனையை நிறுத்திய பிறகு, ஒன்றிரண்டு டொலர்த் தாள்களை உறைக்குள் வைப்பதே பெருவழக்காகிவிட்டது. பணத்தாள் வெளியே தெரியாதபடி அட்டைகளுக்கு நடுவில் வைப்பதும், உறையின் மேல் அழைப்புக்குறியை எழுதாமல் பெயரையும் முகவரியையும் மட்டும் எழுதுவதும் உலகெங்கும் பின்பற்றப்படும் முன்னெச்சரிக்கைகள். அழைப்புக்குறி எழுதிய உறைக்குள் பணம் இருக்கும் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

பணம் வைக்காமல் அட்டை மட்டும் அனுப்பியவருக்கு என்ன செய்வது? அவருடைய அட்டையை ஒதுக்கிவைக்காமல், சங்கங்களின் அட்டைப் பணியகம் வழியாகப் பதில் அனுப்பலாம். ஒவ்வொரு நாட்டின் தேசியச் சங்கமும் உறுப்பினர்களின் அட்டைகளைத் திரட்டி, நாடுவாரியாகப் பிரித்து, மொத்தப் பொதியாக மற்றச் சங்கங்களுக்கு அனுப்புகிறது. இலங்கையில் இந்தப் பணி ஆர்எஸ்எஸ்எல் என்று அறியப்படும் தேசியச் சங்கத்தைச் சேர்ந்தது. செலவு மிகக் குறைவு. காலம் மிக அதிகம். ஓர் அட்டை போய்ச்சேர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆவது வியப்பன்று. இதை அறியாமல் ஆறு மாதத்தில் நினைவூட்டல் எழுதுவது தொண்டர்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவதாகும். கோரிக்கைகள் மிகுந்தவர்கள் வெளிநாட்டில் உள்ள நம்பிக்கையான ஒருவரை அட்டை மேலாளராக நியமிப்பதும் உண்டு. கனடாவிலும் ஐரோப்பாவிலும் உறவினர்கள் நிறைந்த ஊரான நமக்கு இதற்குப் பொருத்தமானவரைக் கண்டுபிடிப்பது கடினமாக இராது. ஆனால் மேலாளரிடம் பதிவேட்டின் முழுப் பிரதியும் இருக்கவேண்டும். பதிவேடு பார்க்காமல் அட்டை எழுதும் மேலாளர் சாட்சியாக மாட்டார். தபால் செலவுக்கு மேலாகப் பணம் கேட்பது, என்னைப் பொறுத்தவரை, வாக்குமூலத்தை விற்பதற்கு ஒப்பானது; அதில் எந்த நியாயத்தையும் நான் காணவில்லை.

தபாலைச் சார்ந்திராத வழிகளும் இப்போது வலுப்பெற்றுவிட்டன. 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஈகியூஎஸ்எல் தளம் அட்டையைப் படமாகவே பரிமாறித் தருகிறது. ஆனால் டிஎக்ஸ்சிசி விருது அதை ஏற்பதில்லை. ஏஆர்ஆர்எல் 2003இல் தொடங்கிய லாக்புக் ஆஃப் த வேர்ல்டில் அட்டை என்று எதுவும் இல்லை. இரு தரப்பினரும் தத்தமது பதிவேட்டை எண்மக் கையொப்பத்துடன் ஏற்றுகிறார்கள். அழைப்புக்குறி, அலைவரிசை, முறை ஆகியன பொருந்தி, நேரமும் 30 நிமிட எல்லைக்குள் இருந்தால் தொடர்பு தானாகவே உறுதியாகிறது. சற்று முன் சொன்ன நேரப் பிசகு ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இப்போது விளங்கும்: ஒரு மணிநேரம் தவறிய வரி எத்தனை ஆண்டு கிடந்தாலும் பொருந்தாது. அமெரிக்காவுக்கு வெளியே உள்ளவர்கள் சேரும்போது அனுமதிப்பத்திரத்தின் பிரதியையும் வேறோர் அடையாள ஆவணத்தையும் அனுப்பவேண்டும். நம்மிடம் அனுமதிப்பத்திரம் வழங்குவது இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு ஆகையால், அதன் புதுப்பித்த பிரதியைக் கையோடு வைத்திருப்பது நல்லது.

2024 மே மாதம் ஏஆர்ஆர்எல் நிறுவனத்தின் கணினிகள் மீது நடந்த தாக்குதலால் இந்தச் சேவை ஏறக்குறைய ஏழு வாரம் நின்றுபோய், ஜூலை தொடக்கத்தில்தான் மீண்டும் இயங்கியது. பதிவுகள் அழியவில்லை. ஆயினும் உலக ஹாம்களின் சாட்சியங்களெல்லாம் ஒரே இடத்தில் குவிந்திருப்பதன் ஆபத்து அப்போது பலருக்கும் உறைத்தது. காகித அட்டை இன்னும் வழக்கொழியாமல் இருப்பதற்கு அழகு மட்டும் காரணமன்று. அட்டை வேண்டாம், கணினி உறுதிப்படுத்தல் போதும் என்பவர் அதை முன்கூட்டியே தமது தகவல் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டால் யாரும் வீணாகத் தபால் செலவு செய்யமாட்டார்கள். வரும் அட்டைகளுக்கு எந்த வழியிலும் பதிலளிக்காமல் இருப்பதுதான் மரியாதைக் குறைவு.

பதிவேட்டில் இல்லாத தொடர்புக்கு உறுதிப்படுத்தல் கேட்டுக் கடிதம் வந்தால் செய்யவேண்டியதும் தெளிவானது. முதலில் நமது தவறாக இருக்குமோ என்று அதே நாளின் முன்னும் பின்னும், எழுத்து மாறிய அழைப்புக்குறிகளிலும் தேடவேண்டும். அப்படித் தேடும்போது ஓர் எழுத்து மட்டும் மாறிய அதே நேரத்துத் தொடர்பு கிடைத்தால், பிழை நம் பக்கத்தில் என்று ஏற்றுப் பதிவைத் திருத்தலாம். எதுவும் கிடைக்காவிட்டால், பதிவேட்டில் காணவில்லை என்று பணிவாக எழுதி, அவர் வைத்த பணத்தையும் திருப்பி அனுப்பி, மீண்டும் முயல நேரம் குறிப்பிடுவதே சரி. இரக்கப்பட்டு அட்டை எழுதிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த இரக்கம் முறையாகத் தொடர்புகொண்ட மற்ற எல்லோருடைய அட்டைக்கும் உள்ள மதிப்பைக் குறைக்கிறது.

யாழ்ப்பாணத்தில் இந்த மரபுக்கு ஹாம்களைவிடப் பழக்கப்பட்டவர்கள் சிற்றலை நேயர்கள். போர்க்காலத்தில் ஒலிபரப்புக் கருவியை வீட்டில் வைத்திருப்பது வடக்கில் நினைத்தும் பார்க்க முடியாத காரியமாக இருந்தது. கேட்பதற்கோ தடையை மீறிய தாகம் இருந்தது. மின்சாரமும் பற்றரியும் இல்லாத தொண்ணூறுகளின் முற்பகுதியில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியை இயக்கி பிபிசி தமிழோசையைக் கேட்ட வீடுகள் எத்தனையோ. சீன வானொலித் தமிழ்ச் சேவைக்கும் பிலிப்பைன்ஸிலிருந்து ஒலித்த வெரித்தாஸுக்கும் எழுதி வண்ண அட்டை பெற்ற நேயர்களும் தமிழ் வாசகர்களிடையே உண்டு. பிபிசி இத்தகைய உறுதிப்படுத்தல் அட்டை வழங்குவதில்லை என்பது அறியாமல் காத்திருந்தவர்களும் உண்டு. நேயர் எழுதும் வரவேற்பு அறிக்கைக்கும் அதே சாட்சிக் கடமை பொருந்தும். வலிமை, குறுக்கீடு, இரைச்சல், அலையின் ஏற்ற இறக்கம், மொத்தத் தரம் ஆகிய ஐந்தையும் 1 முதல் 5 வரை மதிப்பிடும் சின்போ எண்ணை மட்டும் எழுதினால் போதாது. நிகழ்ச்சியில் கேட்டவற்றை நிமிடவாரியாகக் குறிப்பிடவேண்டும். ஹாம் ஒருவரைக் கேட்டு அவருக்கு அறிக்கை அனுப்பினால், அவர் யாருடன் பேசிக்கொண்டிருந்தார் என்பதையும் எழுதவேண்டும். அந்த இன்னோர் அழைப்புக்குறிதான் நேயர் உண்மையில் கேட்டார் என்பதற்கு அடையாளம். அனுமதிப்பத்திரம் இல்லாதவர்தானே என்று இவர்களுக்குப் பதிலளிக்காமல் விடுபவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. நாளைய ஹாம்கள் இவர்களிலிருந்தே வருகிறார்கள்.

1995 ஒக்ரோபர் இறுதியில் போரினால் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்கள் கையில் எடுத்தவற்றில் குறிப்புப் புத்தகங்களும் அட்டைகளும் இடம்பெற்றிருக்க வாய்ப்பில்லை. வீட்டுக் காகிதங்கள் இவ்வாறு மொத்தமாக அழிந்த ஊரில், நாம் அனுப்பிய அட்டை வேறொருவரின் பெட்டியில் இருப்பது பெரிய விடயம். வியன்னாவில் உள்ள வானொலி ஆவணக் காப்பகம் பல இலட்சம் அட்டைகளைச் சேர்த்துவைத்திருக்கிறது. விஎஸ்7 என்ற பழைய முன்னொட்டும் சிலோன் என்ற நாட்டுப்பெயரும் தாங்கிய அட்டைகளும் உலகச் சேகரிப்புகளில் காணக்கிடைக்கின்றன. இங்கே தொலைந்த ஒரு தொடர்பின் விவரம் அங்கே முழுமையாக இருக்கலாம்.

உறுதிப்படுத்தலைப் பற்றியே பேசக்கூடாத வேளைகளும் உண்டு. 2004 டிசம்பரில் அந்தமானில் இந்திய ஹாம் குழுவொன்று உலகெங்கும் உள்ளவர்கள் அந்தத் தீவுகளுக்கான அட்டையைப் பெறும் வாய்ப்பாக இயங்கிக்கொண்டிருந்தது. 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்ததும் அந்த நிலையம் அவசரச் செய்திகளைக் கடத்தும் நிலையமாக மாறியது. இலங்கையிலும் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே ஹாம்கள் தொடர்பை ஏற்படுத்தினார்கள். வடமராட்சி கிழக்கும் அதே நாளில் அழிவைக் கண்டது. இத்தகைய வேளையில் அலைவரிசையில் காத்திருப்பவர் செய்யவேண்டியது அழைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பது மட்டுமே. அந்த நாட்களின் தொடர்புக்கு அட்டை கேட்டு நச்சரிப்பது பண்பாகாது. பரிமாறிய செய்திகளின் உள்ளடக்கத்தை அட்டையில் எழுதுவதும் தவறு.

கடைசியாக, மறைந்த ஹாம் ஒருவரின் பதிவேட்டை என்ன செய்வது என்ற கேள்வி வீடுகளில் எழுகிறது. அட்டைகள் அவர் மறைந்து சில ஆண்டுகள் வரையும் பணியகம் வழியாக வந்துகொண்டிருக்கும். பதிவேட்டை வைத்திருப்பவர் அதைப் பார்த்து உறுதிப்படுத்தல் எழுதலாம், விருதுக்குழுக்களும் அதை ஏற்கின்றன. ஆனால் எழுதியவர் தாமே என்பதையும் பதிவேட்டைப் பார்த்து எழுதியதையும் அட்டையில் குறிக்கவேண்டும். குடும்பத்தினருக்கு இதில் பழக்கமில்லை என்றால், காகிதப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, கணினிக் கோப்பையும் பிரதிசெய்து, தேசியச் சங்கத்திலோ அவருடன் பேசிப் பழகிய ஹாம் ஒருவரிடமோ ஒப்படைக்கலாம். இதை இருக்கும்போதே ஒருவரிடம் சொல்லிவைப்பதும், கணினியின் கடவுச்சொல்லையும் பதிவேட்டின் நேரம் யூடிசியா உள்ளூர் நேரமா என்பதையும் முதற்பக்கத்தில் எழுதிவைப்பதும் இன்றே செய்யக்கூடியவை.